அம்மாவுக்காக வந்த டீவி

வேலை விட்டு வந்து, கைகால் கழுவி, டீவிக்கு முன்னால் விழுந்து, அரைமணி நேரம் யாரோடும் பேசாமல் கிடப்பவர்கள் என் வயதில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதற்காக என்னிடம் யாரும் வெட்கப்பட வேண்டாம். நானும் அந்தக் கூட்டம்தான். விடியற்காலை எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, மாத்தளையிலிருந்து நாவுலைக்கு பஸ் பிடித்து, பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே கத்தி, திரும்பி வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கி, வீட்டுப் படி ஏறும்போது முழங்கால் என்னோடு சண்டைக்கு நிற்கும். ஓய்வுபெற இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. அதுவரை என்னைத் தாங்கப்போவது இந்த டீவிதான் என்று சொன்னால் மகளுக்குக் கோபம் வருகிறது.

"அந்த நாடகத்துல அப்படி என்னம்மா இருக்கு? நேத்து அழுதவ இன்னைக்கும் அழுவுறா" என்பாள்.

அழட்டுமே. அழுகிறவள் அவள், நான் இல்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன வாரம் அப்படிக் கிடந்தபோது மருமகன் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அவருக்கு ஊற்றும்போது எனக்கும் சேர்த்து ஊற்றியிருக்கிறார். ஆனால் எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டு என்னை ஏசினாலும் பரவாயில்லை.

எனக்கு அப்போது பத்து வயசு. எங்கள் வீடு மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. ரோட்டிலிருந்து செங்குத்தாகப் படி ஏறி வந்தால் ஆறே ஆறு வீடுகள், எல்லாம் நம் ஆட்கள். கரண்ட் கம்பம் ரோட்டோடு நின்றுவிட்டது. மேலே ஏறி வருவதற்கு அதற்கும் மூச்சு வாங்கியிருக்கும். நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தோம்.

அப்பாவுக்கு மர ஆலையில் வேலை. அம்மா கராம்பு ஸ்டோருக்குப் போனாள். தை, மாசி வந்தால் ஊர் ஊராகக் கராம்பு மூட்டை வந்து இறங்கும். காம்பு கிள்ளி, குப்பை பொறுக்கி, தரம் பிரித்துப் போட வேண்டும். பெண்கள் உட்கார்ந்தால் கை மந்தமாகிவிடும் என்று ஸ்டோர் முதலாளி எங்கேயோ கண்டுபிடித்து வைத்திருந்தார். அதனால் நீள மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டே செய்ய வேண்டும், காலை ஏழரையிலிருந்து அந்தி வரைக்கும். அம்மா வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவள் வாசம் வந்துவிடும். சேலை, தலைமயிர், சோறு ஊட்டும் விரல், எல்லாம் கராம்பு. அந்த எண்ணெயில் விரல் நுனி மரத்துப்போய், சூடான கேத்தலைப் பிடித்தாலும் அவளுக்கு உடனே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் "எப்ப சுட்டுச்சு?" என்று கேட்பாள்.

அந்தத் தை மாதம்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தார். அட்டைப் பெட்டிக்குள் ஒரு கறுப்பு வெள்ளை டீவி. கார் பெட்டரியில் ஓடும். கரண்ட் இல்லாத வீட்டுக்கென்றே தேடி வாங்கியிருக்கிறார்.

"ஒனக்குத்தான் அக்கா" என்றார். "நாள் பூரா நின்னுக்கிட்டே கெடக்க. அந்தியில கொஞ்சம் ஒக்காந்து பாரு."

அவர் அதைப் பூட்டிய அன்று அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா அரை நாள் லீவு போட்டிருந்தாள். நான் வயிற்று வலி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டேன். பெட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரின் நடுவில் ஒரு சின்னக் கறுப்புக் குழாய் இருந்தது. மாமா அதைத் திருகித் திறந்து, உள்ளேயிருந்து பீடித் துண்டு அளவுக்கு ஒரு கண்ணாடிக் குச்சியை எடுத்துக் காட்டினார்.

"இதுதான் பியூஸ். இது இல்லாட்டி டீவிக்கு உசுரு இல்ல. எரிஞ்சு போனா வேற ஒன்னு போடணும். மச்சானுக்கும் சொல்லிக்குடு" என்றார்.

அம்மா சரி என்றாள். சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டாள், அல்லது அப்பா கேட்கிற ஆள் இல்லை என்பதால் விட்டுவிட்டாள். அடுத்த கிழமை மாமா பிளேன் ஏறிப் போய்விட்டார்.

அந்தெனாவை ஒரு நீள மூங்கிலில் கட்டிக் கொல்லையில் நட்டிருந்தோம். உங்களுக்கும் இது ஞாபகம் இருக்கும். வெளியே ஒருவர் மூங்கிலைத் திருப்ப, உள்ளேயிருந்து ஒருவர் கத்த வேண்டும். "வந்துச்சா?" "வரல!" "இப்ப?" "வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போச்சு!" மழை பெய்தால் அப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மூங்கிலைக் கட்டிப் பிடித்தபடி நிற்பார். சனிக்கிழமை ஆனால் பெட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு சார்ஜ் பண்ண டவுனுக்கு இறங்குவார். அசிட் பட்டு அவர் சட்டை எல்லாம் தோள்பட்டையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கும் முதுகு வலித்திருக்கும்.

சிங்கள நாடகம் போகிற நாட்களில் ஐந்து வீட்டு ஆட்களும் எங்கள் முன்னறைக்கு வந்துவிடுவார்கள். பதினைந்து பேருக்குக் குறையாது. பாயில் யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிப்பது நான். முதல் நாள் பாண்டி விளையாட்டில் என்னை ஏமாற்றியவள் கதவோரம்தான். அப்பா டீவிக்குப் பக்கத்தில், தானே பெற்றெடுத்தது போல நிற்பார்.

"எல்லாம் இவளுக்காகத்தான் மச்சான் கொண்டாந்தது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். "பாவம், ஸ்டோர்ல நின்னு நின்னு காலு வீங்கிப் போகுது."

சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏய், வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடு" என்பார்.

வீட்டுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது எங்கள் ஆட்களிடம் இல்லை. ஒருவர் வந்தாலும் அப்படித்தான், பதினைந்து பேர் வாரத்தில் மூன்று நாள் வந்தாலும் அப்படித்தான். வீட்டில் இருந்ததோ எட்டுக் கோப்பை. முதல் எட்டுப் பேர் குடித்து முடித்ததும் கழுவி, மறுபடி ஊற்றி, மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அடுப்பு ஊதுவது, தண்ணீர் கொதிக்க வைப்பது, ஊற்றுவது, கழுவுவது எல்லாம் அம்மா. இரண்டாவது சுற்று முடியும்போது நாடகம் முடிந்திருக்கும். ஒருநாள் அவள் ஈரக் கையோடு வந்து கதவு நிலையில் சாய்ந்தாள். அரை நிமிஷம் இருக்காது. பக்கத்து வீட்டு அத்தை திரும்பிப் பார்த்து, "மதினி, இன்னொரு வாய் தண்ணி இருக்குமா, தொண்ட கட்டிக்கிச்சு" என்றாள். அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஸ்டோரில் பத்து மணி நேரம் நின்றவள் வீட்டில் இன்னும் இரண்டு மணி நேரம் நின்றாள். அவளுக்கென்று வந்த டீவி அவளுக்கு வேலை வைத்தது. இதை ஒருவரும் கவனிக்கவில்லை. அடுக்களையில் இருந்து கேட்டாலே போதும், அவளுக்கு டீவி பார்ப்பதில் அவ்வளவு ஆசை இல்லை என்று அப்பா நிஜமாகவே நம்பினார்.

மாசி மாதம் தொடங்கி ஒரு புதன்கிழமை டீவி ஓடவில்லை.

அப்பா ஸ்விட்சைப் போட்டார், நிறுத்தினார், தட்டினார், கும்பிட்டார். பெட்டரி இறங்கிவிட்டது என்று அடுத்த நாளே தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் பண்ணி வந்தார். ஓடவில்லை. அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? டவுனில் டீவி திருத்துகிறவரிடம் காட்டியிருக்க வேண்டும். அவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார். ஆனால் நம் ஆட்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு பயம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? திருத்தக் கொடுத்தால் உள்ளே இருக்கிற ஜப்பான் சாமானைக் கழற்றிக்கொண்டு உள்ளூர்ச் சாமானைப் போட்டுவிடுவான் என்ற பயம். அப்பாவுக்கு அது கொஞ்சம் கூடுதல்.

"மச்சான் வரட்டும். அவரு வந்துதான் தொறக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

மாமா வர ஒன்றரை வருஷம் இருந்தது. டீவிக்கு மேல் பூப்போட்ட துணியை விரித்து, மேலே சாமி படத்தை வைத்தார்கள். அந்திக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. எனக்குத் துக்கம் தாங்கவில்லை. பாயில் இடம் தருவதற்கு நான் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் என்னை யார் மதிப்பார்கள்?

படி இறங்கினால் ரோட்டோரம் ஒரு துணிக்கடை முதலாளியின் வீடு. அவர்கள் முஸ்லிம் ஆட்கள், பரம்பரை பரம்பரையாக மாத்தளைக்காரர்கள். கரண்டும் இருந்தது, டீவியும் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் ராத்தா என்போம். ஸ்டோர் விட்டு வரும் அம்மாவோடு தினமும் மதிலோரம் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறவர். டீவி பழுதாகி இரண்டு மூன்று நாள் கழித்து அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். ராத்தா பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

"வாங்க தங்கச்சி, இரிங்க. அந்த நாற்காலியில இரிங்க. கால நீட்டிக்கிட்டு இரிங்க, ஒங்கட வீடு மாதிரி."

அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துப் பாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். நீட்டியதும் ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், நான் திரும்பிப் பார்த்தேன். நாடகம் தொடங்கியது. வீட்டுக்காரியான மாமியார் திரையில் வந்து மருமகளை ஏசினாள்.

"இவளா அது?" என்று அம்மா நிமிர்ந்தாள். "கொரல வச்சு நான் கெழவின்னுல்ல நெனச்சேன்! என்ன அழகா இருக்கா படுபாவி!"

ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்த நாடகத்தின் கதை முழுக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை ஏமாற்றினார்கள், எல்லாம் தெரியும். முகங்கள்தான் தெரியாது. ஒவ்வொருவராக வர வர, "இவரா? ஐயே, இவரா?" என்று ராத்தாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நடுவில் ராத்தாவே எழுந்துபோய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு. அம்மா பதறி எழும்பப் பார்த்தாள். "ஏன் எழும்புறீங்க? குடிங்க" என்று தோளைப் பிடித்து அமர்த்தினார். மரத்த விரல்களால் கோப்பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அம்மா மெதுவாகக் குடித்தாள். யாரோ ஊற்றிக் கொடுத்ததை அவள் உட்கார்ந்து குடித்ததையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாசி முழுக்க வாரம் மூன்று நாள் போனோம். திரும்பிப் படி ஏறும்போது அம்மா நாடகத்து ஆட்களைப் போலப் பேசிக் காட்டுவாள். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை, அந்த அரைமணி நேரத்தில் அவர் சாய்ந்து படுத்துக்கொள்வார். அவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் எனக்கு என் பாய்தான் பெரிதாகப் பட்டது. ராத்தா வீட்டில் நான் யாரோ ஒருத்தியின் மகள். எங்கள் வீட்டில் நான் டீவி வீட்டுக்காரி.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடச் சட்டைக்கு ஊசி தேடி, அம்மாவின் பழைய பவுடர் டப்பாவைத் திறந்தேன். ஊக்கு, பட்டன், கழன்ற தோட்டுத் திருகாணி எல்லாம் அதில் கிடக்கும். அடியில் அந்தக் கண்ணாடிக் குச்சி இருந்தது. உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. எரியவும் இல்லை.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். பியூஸ் எது என்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் எடுக்கவில்லை. அது தானாக நடந்துபோய் டப்பாவுக்குள் விழுந்திருக்காது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா அன்றைக்கும் ஸ்டோருக்குப் போயிருந்தாள். நான் முன்னறைக்குப் போனேன், கறுப்புக் குழாயைத் திருகினேன், உள்ளே போட்டேன். ஸ்விட்சைத் தட்டினேன். சாமி படத்துக்குக் கீழே இரைச்சலோடு வெளிச்சம் வந்தது.

சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடிவந்த அப்பாவிடம், "மேசைக்கு அடியில கெடந்துச்சுப்பா" என்றேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். ஆறு வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினார்.

அந்திக்கு அம்மா படி ஏறி வந்தபோது முன்னறை நிறைந்திருந்தது. நான் பாய்க்கு நடுவில் ராணி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அம்மா செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"பாத்தியா ஒம் மகள! இத்துனூண்டு கண்ணாடிக் குச்சி. இவதான் கண்டுபுடிச்சா" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இத்தனை வருஷம் சுமந்திருக்க மாட்டேன். ஒன்றுமே இல்லாமல், அலுப்பாகப் பார்த்தாள்.

"கெட்டிக்காரி" என்றாள். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். ரோட்டில் ராத்தா எங்களை மறித்தார். "என்ன தங்கச்சி, இப்ப ஆளையே காணல்ல? ஒங்களுக்காகத்தான் நான் பாத்துக்கிட்டு ஈக்கிறேன்."

"எங்க வீட்டு டீவி இப்ப ஓடுதுங்க ராத்தா" என்றாள் அம்மா.

"அப்ப நல்லம், நல்லம். வசதியா வீட்டுலயே இருந்து பாக்கலாம்."

"ஆமாங்க ராத்தா" என்று சொல்லிவிட்டு அம்மா வேகமாகப் படி ஏறினாள். அன்றைக்கு நாடக நாள், ஆட்கள் வரும் நேரமாகிவிட்டது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஏறினேன். அன்று பாயில் நடுவில் உட்கார்ந்தும் நாடகத்தில் என் மனம் போகவில்லை. அடுக்களையில் கோப்பை கழுவும் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பவுடர் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். அம்மா இன்னொரு தடவை எடுத்துவிட மாட்டாளா என்று பார்ப்பேன். எடுத்தால் இந்தத் தடவை நான் வாயைத் திறக்கக்கூடாது என்று சாமியிடம் சத்தியம் செய்து வைத்திருந்தேன். ஊக்கும் பட்டனும்தான் கிடந்தன. அவள் எடுக்கவேயில்லை.

அதனால் நானே எடுத்தேன். ஒரு நாடக நாளில் ஆளில்லாத நேரம் பார்த்துக் குழாயைத் திருகி, குச்சியை எடுத்து, அம்மாவின் டப்பாவுக்குள் அடியில் போட்டு மூடினேன்.

அந்திக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு அப்பா ஸ்விட்சைப் போட்டார். டீவி செத்துக் கிடந்தது. இப்போது அப்பாவுக்குக் குழாயைத் திறக்கத் தெரியும். திறந்து பார்த்தார். காலியாக இருந்தது.

"யாரு இதுல கைய வச்சது?" என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்தார். "நீதானே? ஒனக்குத்தானே இது தெரியும்?"

பதினைந்து பேரும் என்னையே பார்த்தார்கள். அப்பா என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். அவர் கை பெல்ட்டுக்குப் போய்விட்டது. அம்மா அடுக்களையில் இருந்து வந்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். உள்ளறைக்குப் போனாள். டப்பா மூடி திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கையை மூடிக்கொண்டு திரும்பி வந்து, அப்பாவை விலக்கி, குனிந்து வயரில் ஏதோ செய்தாள். வெளிச்சம் வந்தது.

"நான்தாங்க தூசி தட்டும்போது கழட்டி வச்சேன். போட மறந்துட்டேன்" என்றாள்.

"ஒனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? தெரியாததுல கைய வைக்காத" என்றார் அப்பா. பக்கத்து வீட்டு அத்தை சிரித்தாள். எல்லோரும் திரைப் பக்கம் திரும்பினார்கள்.

நான் அம்மாவுக்குப் பின்னால் அடுக்களைக்குப் போனேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் என் தலையில் கையை வைத்தாள். கராம்பு வாசம். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ரெண்டாந்தரம் யாரும் நம்ப மாட்டாங்க புள்ள. விடு. கோப்பைய எடு."

எட்டுக் கோப்பையையும் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அந்தத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பாயில் உட்கார வைத்திருக்கலாம். தேத்தண்ணியை வேறு யாராவது ஊற்றியிருக்கலாம். எனக்கு வயசு பத்து, அது தோன்றவில்லை. அப்பாவுக்கு நாற்பது, அவருக்கும் தோன்றவில்லை.